ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் சேர்க்கும் முன்: உடையைத் தாண்டிப் பெற்றோர் கேட்க வேண்டியவை

கடந்த ஆண்டு ஒரு நாள் இஷா தொழுகை முடிந்து, பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் வந்து செல்போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம். குழந்தைகளுக்கான ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு, வாரத்தில் மூன்று நாள், முதல் வகுப்பு இலவசம். அவருடைய ஒன்பது வயது மகள் வீட்டில் கட்டிலையும் சோபாவையும் விட்டுவைப்பதில்லையாம். நாள் முழுக்கக் குட்டிக்கரணம்தான். "பொம்பளப் பிள்ளையாச்சே ஹஸ்ரத், சேர்க்கலாமா கூடாதா?" என்று கேட்டார்.

நானும் அதிகம் யோசிக்காமல் பதில் சொன்னேன். உடல் மறையும் உடை, சொல்லித் தருபவர் பெண், மஃரிப் தப்பாத நேரம். இந்த மூன்றும் இருந்தால் தாராளமாகச் சேருங்கள் என்றேன். இரண்டு நிமிடத்தில் முடிந்த பேச்சு. அவரும் நிம்மதியாகப் போனார்.

அந்தப் பிள்ளை எங்கள் மக்தபில் ஓதுகிறவள். நான்கைந்து மாதம் கழித்து, பிள்ளைகளைத் தொழுது காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஸஜ்தாவில் அவள் வலது உள்ளங்கையைத் தரையில் வைக்கவில்லை. விரல் நுனிகளை மட்டும் வைத்தாள். எழும்போது இடது கையை மட்டும் ஊன்றினாள். கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு மெதுவாக, "ரெண்டு மாசமா வலிக்குது ஹஸ்ரத். மிஸ்கிட்ட சொல்லிராதீங்க, போட்டிக்கு எடுக்க மாட்டாங்க" என்றாள். அத்தாவிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். சொல்லவில்லை. ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டியிருக்கிறார், நின்றுவிட்டால் ஏசுவார் என்று பயம்.

நான் சொன்ன மூன்று நிபந்தனைகளும் அந்த வகுப்பில் சரியாகவே இருந்தன. உடை சரி, பயிற்சியாளர் பெண், மஃரிபுக்கு முன் பிள்ளை வீடு திரும்பிவிடுவாள். ஆனால் எலும்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மணிக்கட்டில் எலும்பு வளரும் பகுதி நோயுற்றிருக்கிறது, ஆறு வாரம் கையை ஊன்றவே கூடாது என்று சொல்லிவிட்டார். கேட்க வேண்டிய கேள்வியை அவரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் அவருக்கு எடுத்துக்கொடுக்கவில்லை. அதன் பிறகுதான் நான் இந்த விளையாட்டைப் பற்றிப் படிக்கவும், நகரில் நடக்கும் சில வகுப்புகளைப் போய்ப் பார்க்கவும் ஆரம்பித்தேன். அப்படித் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் பிள்ளைக்கு எது தேவை?

ஜிம்னாஸ்டிக்ஸ் என்ற ஒரே பெயரில் பல விளையாட்டுகள் இருக்கின்றன. ஒலிம்பிக்கில் நாம் பார்ப்பது பெரும்பாலும் ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸ். இதில் பெண்களுக்கு வால்ட், உயரம் மாறும் இரட்டைக் கம்பி, பீம், தரைப் பயிற்சி என நான்கு. ஆண்களுக்கு வளையம், இணைக் கம்பிகள் உட்பட ஆறு. பீம் என்பது பத்தே சென்டிமீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம், தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரம். அதன் மேல்தான் அந்தப் பிள்ளைகள் கரணம் அடிக்கிறார்கள். ரிபன், வளையம், பந்து வைத்துச் செய்வது ரிதமிக், டிராம்போலின் தனி.

நம் பகுதிகளில் நடக்கும் வகுப்புகள் பெரும்பாலும் இவற்றில் எதுவுமில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில், கராத்தே வகுப்பு முடிந்த அதே மேட்டில், உருளுதல், கையில் நிற்றல், கார்ட்வீல், பின்னால் வளைதல் ஆகியவற்றைச் சொல்லித் தருகிறார்கள். இதில் குறையொன்றும் இல்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இதுவே போதும். ஓடவும் குதிக்கவும் தொங்கவும், விழுந்தால் அடிபடாமல் விழவும் கற்றுக்கொள்கிற உடல் வாழ்நாள் முழுவதும் பயன்படும். மண் தெருவும் மாமரமும் இருந்த காலத்தில் இதற்குக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பொழுதுபோக்காகச் சேர்த்த பிள்ளையை மூன்றாவது மாதமே 'திறமைசாலி' என்று சொல்லிப் போட்டிப் பிரிவுக்கு மாற்றுகிறார்கள். வாரம் மூன்று மணிநேரம் பத்து மணிநேரமாகிறது. பெற்றோருக்கும் பெருமையாக இருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் திரிபுராவின் தீபா கர்மாகர் வால்ட் இறுதிச் சுற்றில் நான்காவதாக வந்து, 0.15 புள்ளியில் வெண்கலத்தைத் தவறவிட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். அதற்கு முன் இந்தியப் பெண் ஒருவர் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் கலந்துகொண்டதே இல்லை. தட்டைப் பாதத்தோடு பயிற்சிக்கு வந்த சிறுமி அவர். அவரைப் பார்த்து ஆசைப்படுவதில் தவறில்லை.

அவசரம் மட்டும் வேண்டாம். 1976-இல் மான்ட்ரியலில் நாடியா கொமனேச்சி முதல் பத்துக்குப் பத்து வாங்கியபோது அவருக்கு 14 வயது. அந்தக் காலம் போய்விட்டது. 1997 முதல், அந்த ஆண்டில் 16 வயது நிறைந்தால்தான் பெண்கள் ஒலிம்பிக் போன்ற மூத்தோர் போட்டிகளில் இறங்க முடியும். குழந்தை உடம்பின் மேல் அளவுக்கு மீறிய சுமை ஏறுகிறது என்ற கவலையும் இந்த வயது வரம்புக்கு ஒரு காரணம். உலகப் போட்டிக்கே பதினாறு என்றால், மாவட்டப் போட்டிக்காக எட்டு வயதுப் பிள்ளையைப் பிழிந்தெடுக்க வேண்டியதில்லை. விளையாட்டு மருத்துவர்கள் ஓர் எளிய கணக்குச் சொல்கிறார்கள்: வாரத்தில் மொத்தப் பயிற்சி மணிநேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. ஒன்பது வயதுக்கு ஒன்பது மணிநேரம் என்பதே உச்சம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வும் வேண்டும்.

தரையைப் பாருங்கள், ஆளைப் பாருங்கள்

'கரணம் தப்பினால் மரணம்' என்று கழைக்கூத்தைப் பார்த்த நம் முன்னோர் சொன்னார்கள். வகுப்புக்குப் போனதும் முதலில் தரையைப் பாருங்கள். கிரானைட் தரையின் மேல் விரித்த மெல்லிய ஃபோம் மேட், உருளுவதற்கும் நீட்டி மடக்குவதற்கும் போதும். ஓடிவந்து கரணம் அடிப்பதற்குப் போதாது. கம்பிக்கும் பீமுக்கும் கீழே தனியாகத் தடித்த மெத்தை இருக்க வேண்டும். இரண்டு மேட்டுக்கு நடுவே இடைவெளி இருந்தால் கணுக்கால் அங்கேதான் மாட்டும். தூண், சன்னல், ஏசிப் பெட்டி எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்றும் பாருங்கள்.

அடுத்து, எத்தனை பிள்ளைக்கு எத்தனை பேர்? கையில் நிற்கப் பழகும் பிள்ளையின் இடுப்பையோ காலையோ பிடிக்க ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். நான் போன ஓரிடத்தில் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு ஒரே பயிற்சியாளர். ஒரு பிள்ளையை அவர் பிடித்துக்கொண்டிருக்கும்போது மற்ற இருபத்தோரு பேரும் தங்களுக்குத் தெரிந்ததை முயன்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேருக்கு ஒருவர் என்ற அளவைத் தாண்டினால் நான் சேர்க்க மாட்டேன்.

பயிற்சியாளர் எங்கே படித்தார் என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். பாட்டியாலாவில் உள்ள நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக்கென்றே பட்டயப் படிப்பு இருக்கிறது. அதைப் படித்தவர்கள் 'என்.ஐ.எஸ். கோச்' என்று சொல்லிக்கொள்வார்கள். அந்தப் படிப்பு இல்லாமலும் நல்ல பயிற்சியாளர்கள் உண்டு; தானே பல ஆண்டு விளையாடிப் பழகியவர்கள். ஆனால் நடனம், யோகா, கராத்தே சொல்லித் தருபவர் அதனுடனேயே இதையும் சேர்த்து நடத்தினால், பின்னோக்கிக் கரணம் அடிப்பதை அவரிடம் கற்க விடாதீர்கள். முதலுதவி தெரியுமா, தலை கீழாக விழுந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். கழுத்தில் அடிபட்ட பிள்ளையைத் தூக்கி உட்கார வைக்காமல், அசைக்காமல் வைத்து 108-ஐ அழைப்போம் என்று சொன்னால், விஷயம் தெரிந்தவர். தலையில் அடிபட்டு வாந்தியோ தூக்கக் கலக்கமோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது.

வீட்டில் டிராம்போலின் வாங்கிப் போட்டுப் பழகலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பல ஆண்டுகளாக வேண்டாம் என்று சொல்லிவரும் பொருள் அது. இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து குதிக்கும்போது, இருப்பவர்களில் சிறிய பிள்ளைக்குத்தான் அதிகம் அடிபடுகிறது.

எந்த வலி, என்ன வலி?

புதிதாகப் பயிற்சி செய்த உடம்பு வலிக்கத்தான் செய்யும். தொடை, கை, வயிறு என்று இரண்டு பக்கமும் பரவலாக வலித்து, இரண்டு மூன்று நாளில் போனால் அது தசை வலி. கவலை வேண்டாம். ஒரே இடத்தை விரலால் தொட்டுக் காட்டும் வலி, ஒரே அசைவில் திரும்பத் திரும்ப வரும் வலி, தூக்கத்தில் எழுப்பும் வலி, இவை வேறு.

வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் குருத்தெலும்பாலான வளர்ச்சிப் பகுதி இருக்கிறது. முதிர்ந்த எலும்பைவிட அது பலவீனமானது. ஜிம்னாஸ்டிக்ஸில் கையையே காலாகப் பயன்படுத்துவதால் உடல் எடை முழுதும் மணிக்கட்டில் இறங்குகிறது. அந்தப் பிள்ளைக்கு வந்தது அதுதான். இந்த விளையாட்டில் இது பரவலாக வருவதால் 'ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அடிக்கடி பின்னால் வளையும் பிள்ளைகளுக்கு இடுப்புக்கு மேலே, முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் மயிரிழை முறிவு வரலாம். வளையும்போது மட்டும் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். குதித்து இறங்கும் பிள்ளைகளுக்குக் குதிகால் வலி வரும். இவை எல்லாமே நேரத்தில் கண்டுபிடித்து ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். மறைத்து வைத்துத் தொடர்ந்தால்தான் ஆபத்து.

காலை விரித்து ஸ்பிளிட்டில் உட்கார வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளை தன்னால் முடிந்த அளவு போய் அங்கே மூச்சுவிட்டு நிற்பது பயிற்சி. தோளையோ இடுப்பையோ பிடித்துக் கீழே அழுத்துவதும், பிள்ளை அழுதால் 'அப்படித்தான் இருக்கும்' என்று சொல்வதும் பயிற்சி கிடையாது. ஒரு தாய் என்னிடம் பெருமையாகக் காட்டிய வீடியோவில் ஐந்து வயதுக் குழந்தை கண்ணீரோடு ஸ்பிளிட்டில் இருந்தது. பின்னணியில் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

உயரம் வளராதாமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். உயரம் குறைந்த உடல் இந்த விளையாட்டுக்கு வசதி என்பதால் அப்படிப்பட்டவர்களே மேலே வருகிறார்கள். பயிற்சியால் உயரம் குறைந்தது என்பதற்கு, ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த வல்லுநர்கள் சான்று காணவில்லை. ஆனால் 'எடையைக் குறை' என்று பயிற்சியாளர் சொல்லி, பிள்ளை சாப்பாட்டைத் தள்ள ஆரம்பித்தால் கதை வேறு. கடும் பயிற்சியோடு பட்டினியும் சேர்ந்தால் பெண் பிள்ளைகளுக்குப் பூப்பு தள்ளிப் போகும், எலும்பு மெலியும். பத்து வயதுப் பிள்ளையின் எடையை மற்றவர் முன் படித்துச் சொல்லும் இடத்தில் ஒரு நாளும் விடாதீர்கள்.

'கண்ணை மட்டும் விட்டுட்டு உரிச்செடுங்க'

இனி, என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பிள்ளை ஏன் சொல்லவில்லை?

நாம் பிள்ளையை வாத்தியாரிடம் ஒப்படைக்கும்போது 'ரெண்டு கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்செடுங்க' என்று சொல்லி வளர்ந்த சமூகம். என் தகப்பனாரும் என்னை மதரஸாவில் விடும்போது உஸ்தாதிடம் அப்படித்தான் சொன்னார். அன்பாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் பக்கத்தில் நின்ற பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. இனி எது நடந்தாலும் வீட்டில் சொல்லிப் பயனில்லை என்றுதான் அதற்கு விளங்கும். ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்புக்கும் மக்தபுக்கும் இதில் வேறுபாடு இல்லை. இதை எழுதும்போது எங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மேலை நாடுகளிலும் இதே கதைதான். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் கெர்ரி ஸ்ட்ரக், முதல் வால்ட்டில் கணுக்காலில் அடிபட்ட பிறகும் இரண்டாவது முறை ஓடிவந்து குதித்தார். ஒற்றைக் காலில் நின்று காட்டிவிட்டு அங்கேயே விழுந்தார். பயிற்சியாளர் அவரைத் தூக்கிவந்த படம் உலகமெங்கும் வீரத்தின் அடையாளமாகச் சுற்றியது. பிறகு புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தபோது, அந்த இரண்டாவது குதிப்பு இல்லாமலேயே அணிக்குத் தங்கம் கிடைத்திருக்கும் என்று தெரிந்தது.

பிரிட்டனில் 2022 ஜூன் மாதம் வெளியான வைட் விசாரணை அறிக்கைக்கு நானூறுக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பினார்கள். அடிபட்ட பிறகும் பயிற்சி, கழிப்பறைக்குப் போக அனுமதி மறுப்பு, அடிக்கடி எடை பார்த்தல், அதற்குப் பயந்து உணவை ஒளித்து வைக்கும் பிள்ளைகள் என்று அந்த அறிக்கை நெடுகப் போகிறது. ஏதோ மூலையில் நடந்தவை அல்ல இவை. பதக்கம் வாங்கும் நாட்டின் முறையான கிளப்புகளில் நடந்தவை.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் கொடுமை. தேசிய அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் பல ஆண்டுகளாகச் சிறுமிகளிடம் தவறாக நடந்தார். 2018 ஜனவரியில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் அவர் முகத்துக்கு நேரே பேசினார்கள். 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பெற்றோர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சில சிறுமிகளிடம் அவர் அப்படி நடந்தபோது தாயோ தந்தையோ அதே அறையில் இருந்தார்கள். மறைத்து நின்றுகொண்டு செய்தார். 1990-களிலேயே பயிற்சியாளரிடம் சொன்ன பிள்ளைகளும் இருந்தார்கள். நீ தவறாகப் புரிந்துகொண்டாய் என்று அவர்களை அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே, பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மட்டும் காவலாகாது. பிள்ளைக்குச் சொல்ல வாய் இருக்க வேண்டும், சொன்னால் கேட்க வீட்டில் காது இருக்க வேண்டும். 2021-இல் டோக்கியோவில் சிமோன் பைல்ஸ், அந்தரத்தில் சுழலும்போது தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வு தப்புகிறது என்று சொல்லி, அணிப் போட்டியின் நடுவில் விலகினார். ஏசியவர்கள் நிறைய. 2024-இல் பாரிஸுக்குத் திரும்பி வந்து மூன்று தங்கம் வாங்கினார். நிறுத்து என்று சொல்லத் தெரிந்ததால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இந்த விளையாட்டில் தொடாமல் சொல்லித் தர முடியாது என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். கரணம் அடிக்கும் பிள்ளையை இடுப்பு, முதுகு, தோள், தொடை ஆகிய இடங்களில் தாங்கிப் பிடிப்பார்கள். விழாமல் இருக்கச் சட்டென்று எங்கேயும் கை படலாம். நல்ல பயிற்சியாளர் 'இடுப்பைப் பிடிக்கிறேன், சரியா' என்று சொல்லிவிட்டுப் பிடிப்பார். எல்லோர் கண் முன்னாலும் பிடிப்பார், செயல் முடிந்ததும் கையை எடுப்பார். தனியாக அழைத்து மசாஜ் செய்வது, கதவைச் சாத்திய அறையில் சிகிச்சை பார்ப்பது, பிள்ளையின் போனுக்கு நேரடியாகச் செய்தி அனுப்புவது, 'வீட்டில் சொல்லாதே' என்பது, இவற்றில் ஒன்று நடந்தாலும் அன்றே நிறுத்திவிடுங்கள். பெண் பிள்ளைக்குத்தான் இந்தக் கவலை என்று நினைக்க வேண்டாம், ஆண் பிள்ளைகளும் பாதிக்கப்படுகிறார்கள். பயிற்சியாளர் பெண் என்பதாலோ, நம் சமுதாயத்தவர் என்பதாலோ, ஐவேளை தொழுபவர் என்பதாலோ இந்தக் கேள்விகளை விட்டுவிட வேண்டாம்.

தவறு நடந்ததாகத் தெரிந்தால் 'பிள்ளை பெயர் கெட்டுவிடும்' என்று ஜமாஅத்துக்குள் பேசி முடிக்கப் பார்ப்பது நம்மிடம் உள்ள வழக்கம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தையிடம் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைப்பது குற்றம். இமாமுக்கும் நிர்வாகிக்கும் அது பொருந்தும். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரை வெளியிடுவதையும் அதே சட்டம் தடுக்கிறது. எந்த நேரத்திலும் 1098-ஐ அழைக்கலாம்.

உடையும், தாய்மார் தயங்கிக் கேட்பதும்

உடையைப் பற்றி இவ்வளவு தாமதமாக எழுதுவதற்குக் காரணம், எல்லாவற்றிலும் எளிதாகத் தீர்வது அதுதான். சாதாரண வகுப்புக்குப் போட்டி உடை தேவையே இல்லை. உடலை ஒட்டிய முழுக்கை டீ-ஷர்ட்டும் கணுக்கால் வரை லெக்கின்ஸும் போதும். வளர்ந்த பெண் பிள்ளை என்றால், பெண்கள் மட்டும் இருக்கும் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் ஒதுக்கித் தருகிறார்கள். தொளதொளவென்ற உடை வேண்டாம், கம்பியில் மாட்டும், பிடிப்பவர் கையில் துணிதான் வரும். ஸ்கார்ஃப் என்றால் ஊசி குத்தாத, தலையோடு ஒட்டிய வகை. வளையல், கொலுசு, அரைஞாண் கயிறு, கழுத்தில் கட்டிய தாவீஸ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். தாவீஸைக் கழற்றுவதா என்று பாட்டிமார் வருத்தப்படுவார்கள். கழுத்தில் கயிறோடு கம்பியில் தொங்க விடுவதைவிட அந்த வருத்தம் பரவாயில்லை. காலுறை வழுக்கும், வெறுங்கால்தான் நல்லது.

போட்டிக்குப் போனாலும் கால் தெரியும் உடைதான் போட வேண்டும் என்று சர்வதேச விதி சொல்லவில்லை. கணுக்கால் வரை மூடிய உடைக்கு அனுமதி உண்டு. 2021-இல் ஜெர்மனியின் பெண்கள் அணி ஐரோப்பியப் போட்டியிலும், பிறகு டோக்கியோ ஒலிம்பிக்கிலும் அப்படித்தான் இறங்கியது. அவர்கள் மார்க்கக் காரணத்துக்காக அதை அணியவில்லை. தங்களுக்கு எது வசதி என்று தாங்களே முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். உள்ளூர்ப் போட்டி நடத்துபவர் மறுத்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வி என் மனைவி வழியாகத்தான் என்னிடம் வரும். ஸ்பிளிட் செய்தால், குதித்தால், கன்னித்திரை கிழிந்து பின்னால் திருமணத்தில் பிரச்சினை வருமோ என்ற பயம். வெளிப்படையாகவே சொல்கிறேன். அந்தச் சவ்வு பிள்ளைக்குப் பிள்ளை மாறுபடும், அதைப் பார்த்துக் கன்னித்தன்மையைச் சொல்ல முடியாது என்பது மருத்துவம். அப்படிச் சோதிப்பதே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் அறிவித்தது. மார்க்கச் சட்டம் இதற்கு வெகுகாலம் முன்பே பதில் சொல்லிவிட்டது. ஹனஃபீ மத்ஹபின் ஹிதாயாவில், குதித்ததாலோ காயத்தாலோ அது நீங்கினாலும் அந்தப் பெண் கன்னி என்ற சட்டத்திலேயே இருக்கிறாள் என்று வருகிறது. ஷாஃபிஈ மத்ஹபின் மின்ஹாஜும், விழுந்ததால் நேர்ந்ததற்குச் சட்டத்தில் எந்த விளைவும் இல்லை என்றே சொல்கிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னால் எழுதிய ஃபுகஹாக்கள், பெண் பிள்ளை குதிப்பாள் என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் இருப்பதும் நமக்குத் தெரிந்ததே.

கட்டணம், நேரம், ரமளான்

ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் சலுகை என்பார்கள். கட்டாதீர்கள். மாதாமாதம் கட்டுங்கள். கட்டிய பணம்தான் அந்தப் பிள்ளையின் வாயை அடைத்தது. சேர்க்கும் நாளிலேயே, பிள்ளையை வைத்துக்கொண்டே பயிற்சியாளரிடம், "வலிக்குதுன்னு சொன்னா உடனே நிறுத்திருங்க, போட்டி போனாலும் பரவாயில்லை" என்று சொல்லுங்கள். பெற்றோர் உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். பிள்ளையின் கவனம் சிதறும், வாரம் ஒரு நாள் பாருங்கள் என்றால் நியாயம். எப்போதுமே கூடாது என்றால் வேறு இடம் பாருங்கள். வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட அனுமதி கேட்கும் படிவத்தில், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெரும்பாலான வகுப்புகள் மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் இருக்கின்றன. நம் மக்தபும் அப்போதுதான். வாரம் இரண்டு நாள் வகுப்பு, மீதி நாள் ஓதல் என்று பிரித்துக் கேட்டால் நாங்கள் மறுக்க மாட்டோம். இந்த ஒரு வருடத்தில் நான் கற்றுக்கொண்ட சலுகை இது.

அந்தப் பிள்ளை ஆறு வாரம் கழித்து மீண்டும் படம் எடுத்துப் பார்த்து, மருத்துவர் சரி என்ற பிறகு வேறொரு வகுப்பில் சேர்ந்தாள். வாரம் இரண்டு நாள், போட்டி இல்லாத பிரிவு. ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் அங்கே எல்லாப் பிள்ளைகளையும் உள்ளங்கையை ஊன்றச் சொல்லி மணிக்கட்டு வலிக்கிறதா என்று கேட்கிறார்களாம். அவளுடைய அத்தாதான் சொன்னார்.

ரமளானைப் பற்றி ஒன்று. நோன்பு வைக்கும் பிள்ளை மாலையில் தண்ணீரும் சக்கரையும் குறைந்த உடம்போடு கரணம் அடிக்கக் கூடாது. தலை சுற்றினால் எங்கே விழுவாள் என்று சொல்ல முடியாது. அந்த மாதம் வகுப்பை நிறுத்தி வைத்து, பாதிக் கட்டணத்துக்கு இடத்தைத் தக்கவைத்துக் கொடுங்கள் என்று கேட்கலாம். விடமாட்டேன் என்று பிள்ளை அடம்பிடித்தால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் போதும் என்று பயிற்சியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெருநாள் கழித்துத் திரும்பும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், முதல் இரண்டு வாரம் உருளுவதிலிருந்தே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.